ஆர் மந்தமாக ஓடியதற்கு நான் செய்த வைத்தியம்

கடலூர் மாவட்டத்து மழை அளவுகளை ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் போட்டு ஆராய்வது என் பொழுதுபோக்கு. வடகிழக்குப் பருவமழையும் புயலும் வந்துபோகும் ஊர், தரவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரிய அணியை (மேட்ரிக்ஸ்) பெருக்கி எஸ்விடி (அணியை மூன்று அணிகளின் பெருக்கலாகப் பிரிக்கும் கணக்கு) கேட்டால், டீக்கடைக்குப் போய் வந்தாலும் முடியாது. கணினியின் உழைப்பைக் காட்டும் ஹெச்டாப்பில் பார்த்தால் பிராசஸரின் ஒரே ஒரு கோர்தான் உழைக்கிறது, மற்றதெல்லாம் சும்மா!

இந்த மாதிரி அணிக் கணக்குகளை ஆர் தானே போடுவதில்லை; பிளாஸ், லாபேக் என்ற நூலகங்களிடம் தள்ளிவிடுகிறது. எந்தக் கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்பதை செஷன்இன்ஃபோ கட்டளை பாதையோடு காட்டும். என்னிடம் இருந்தது ரெஃபரன்ஸ் பிளாஸ், அதாவது அந்த நூலகத்தின் அடிப்படை வடிவம். விடை சரியாக வரும், ஆனால் வேகத்துக்காக எழுதப்பட்டதல்ல.

என் கணினியில் இருப்பது உபுண்டு லினக்ஸ் என்பதால் வேலை சுலபம். மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை வழியாக, அதே நூலகங்களின் வேகமான வடிவமான ஓபன்பிளாஸை நிறுவினேன். ஆரை மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை. எந்த வடிவத்தைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் அப்டேட் ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையில் பிளாஸ், லாபேக் இரண்டுமே ஓபன்பிளாஸைக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆரை மூடித் திறந்ததும் எல்லாக் கோர்களும் ஓட ஆரம்பித்தன.

ஆரிலேயே எழுதும் ஃபார் லூப்புக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரலுக்கு) இதனால் ஒரு பயனும் இல்லை. அப்புறம், வேலையைப் பல பிராசஸ்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எம்சிலாப்ளை போட்டால் ஒவ்வொரு பிராசஸும் தனித்தனியாகத் த்ரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளை) கிளப்பி, கணினி முன்பைவிட மோசமாகத் திணறும். அப்போது மட்டும் ஓபன்பிளாஸின் த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக்கிவிடுகிறேன். கடைசி தசம இலக்கங்கள் லேசாக மாறலாம் என்பதால், பழைய விடையோடு ஒப்பிட அச்சு அசலாக ஒன்றா என்று பார்க்கும் ஐடென்டிகல் வேண்டாம், சிறு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஆல்.ஈக்வல் போதும்.