வீட்டில் பெரியவரைப் பார்த்துக்கொண்டே பறவை பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வயதான அம்மாவோ மாமனாரோ வீட்டில் இருக்கிறார். பார்த்துக்கொள்வது நீங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் பறவைப் பைத்தியம். அப்படியென்றால் வலசைப் பறவைகள் வந்து தங்கும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை மனசு இரண்டு பக்கமும் இழுக்கும். சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் இப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். எந்த ஏரி, எந்தப் பறவை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, வீட்டை அதற்கேற்ப வளைக்கப் பார்ப்பார்கள். வீடு திரும்ப வேண்டிய மணியை முதலில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

விடிகாலையில் போனால்தான் உண்டு என்ற பிடிவாதம் முதலில் தொலைய வேண்டும். புதரிலும் மரத்திலும் திரியும் சின்னப் பறவைகளுக்கு அது சரி. நீர்ப்பறவைகளிடம் அவ்வளவு கறார் கிடையாது. ஊசிவால் வாத்து போன்ற வலசை வாத்துகள் பெரும்பாலும் இரவில் இரை தேடும், பகலில் தண்ணீரிலேயே கும்பலாக ஓய்வெடுக்கும். வேடந்தாங்கலில் குஞ்சு பொரித்துவிட்ட நத்தைகுத்தி நாரைகள் பகல் முழுக்கப் போவதும் வருவதுமாகத்தான் இருக்கும். வீட்டிலோ காலை நேரம்தான் பெரிய நெருக்கடி. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். துணைக்கு ஆள் வைத்திருந்தாலும், பல வீடுகளில் இரவு ஆள் போய்ப் பகல் ஆள் வருவது காலை எட்டு மணிக்கு. பெரியவர் சாப்பிட்டு முடித்ததும் பகல் ஆளிடம் எல்லாம் சொல்லிவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள். வெயில் ஏறியிருக்கும், படம் கொஞ்சம் வெளிறும். பறவை எங்கேயும் போய்விடாது.

மாலையில் வேடந்தாங்கல் போவது இதற்கு நேர்மாறான பொறி. வெளியே போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் அழகே தனி, மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருட்டும்போது அங்கிருந்து கிளம்பினால் பரனூர் சுங்கச்சாவடி, வண்டலூர், பெருங்களத்தூர் என்று ஒவ்வொரு இடத்திலும் வண்டி நிற்கும். எட்டு மணி மாத்திரை, இரவுச் சாப்பாடு எல்லாம் தள்ளிப்போகும். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவதும் உண்டு. தெரிந்த முகம் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம் அது. மாலைக் காட்சி வேண்டுமென்றால் பக்கத்து ஏரியில் பாருங்கள். கொக்கும் நீர்க்காகமும் அங்கேயும் அடையத்தான் வரும்.

அப்புறம், டிசம்பர் போய்விட்டதே என்று புலம்புவது. வடகிழக்கு மழையில் ஏரி தளும்ப நிற்கும்போது, சேற்றில் நடந்து இரை தேடும் உள்ளான்களுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. தண்ணீர் வற்றிச் சேறு தெரியத் தொடங்கும் தை, மாசியில்தான் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் பவளக்கால் உள்ளான்கள் வரிசையாக இறங்கும், பூநாரையும் கண்ணில் படும். மார்கழிப் பனியில் பெரியவருக்கு இருமல் கூடியிருந்தால் அந்த மாதத்தை விட்டுவிடலாம், பெரிய நஷ்டமில்லை.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். 'இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம்' என்பார்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், மனைவி நாலு மணிக்கே எழுந்து கஞ்சி வைத்து, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி, மாத்திரைகளைக் காலை, மதியம் என்று டப்பாவில் பிரித்து, மாற்றுத் துணி எடுத்து வைத்து, பகல் ஆளுக்கும் சேர்த்துச் சமைத்து முடித்திருப்பார். கணவர் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஏரிக்கரைக்கு வந்தபின் மனைவிக்குத் தூக்கம் சொக்குகிறது, 'உனக்கு இதில் முன்ன மாதிரி ஆர்வமே இல்லை' என்று ஒரு பேச்சு வேறு. கிளம்புவதற்கு முன் இருக்கும் வேலையையும் இரண்டாகப் பிரிக்காதவரை இது ஒருவருடைய பொழுதுபோக்குதான், மற்றவர் துணைக்கு வருகிறார், அவ்வளவே.

எப்போதும் ஜோடியாகத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. ஆள் வராத நாளில் இரண்டு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதைவிட, 'இன்னைக்கு நீ போயிட்டு வா, அடுத்த வாரம் நான்' என்பது நல்லது. போனவர் அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் படமாகத் தள்ள வேண்டாம். வீட்டில் இருப்பவர் அந்த நேரம் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கலாம்.

சேர்ந்து போகும் நாளிலும் ஒரு வழக்கமான தவறு உண்டு. கரையில் நின்றதும் 'அண்ணன் போன மாசமும் பணம் அனுப்பலை' என்று தொடங்கிவிடுவது. எதிரே பூனைப்பருந்து தாழப் பறந்து வரும், சிதறிக் கிடந்த நாமக்கோழிகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொள்ளும், வாத்துக்கூட்டம் சட்டென்று எழும்பும். இரண்டு பேரும் அண்ணனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சும் வேண்டியதுதான், காரில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே பைனாகுலரை இரண்டு பேர் பகிர்வதும் சண்டையில்தான் முடியும். கை மாறுவதற்குள் பறவை போய்விடும். விலை உயர்ந்த ஒன்றுக்குப் பதில் சுமாரான 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.) இரண்டு வாங்குங்கள். 10 மடங்கு பெரிதாக்குவது கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

போன் விஷயத்தில் மற்ற பறவை ஆர்வலர்களைப் பின்பற்ற முடியாது. அவர்கள் சைலன்ட்டில் போடுவார்கள். நீங்கள் அதிர்வில் வைத்துச் சட்டைப்பையில் போடுங்கள், இன்று யார் போன் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். பெரியவரிடம் 'சீக்கிரம் வந்துடுவோம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நீங்கள் செருப்பு மாட்டிய நிமிடத்திலிருந்து அவர் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். 'ஒரு மணிக்கு வருவோம்' என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டரைக்கு வாருங்கள்.

மொட்டை மாடியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் எனக்குப் புரியாத ஒன்று. பழுப்புக் கீச்சான், நீலவால் பஞ்சுருட்டான், தகைவிலான், மாங்குயில் எல்லாம் ஊருக்குள்ளேயே வரும் குளிர்கால விருந்தாளிகள். இமயமலை அடிவாரம் வரை போய்க் குஞ்சு பொரித்துவிட்டு வரும் ஆறுமணிக்குருவி, கொல்லைப்புறத்தில் சருகு கொஞ்சம் கிடந்தாலே இறங்கும். பச்சை முதுகும் வாலடியில் சிவப்புமாகச் சருகைப் புரட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போகும். காலையிலும் மாலையிலும் ஆறு மணிவாக்கில் அது கூப்பிடுவதை, ஜன்னலோரம் படுத்திருக்கும் பெரியவர்தான் வீட்டில் முதலில் கேட்பார். சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் விட்டாலே போதும். ஜனவரி நடுவில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் பிப்ரவரியில் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்புக்கும் 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் பட்டியல் அனுப்பலாம். உங்கள் மாடியும் ஓர் இடம்தான்.

பெரியவரையே கூட்டிப் போகலாமே என்று தோன்றும். தாராளமாகப் போகலாம், ஆனால் ஏரிக்கரை ஏற்றிவிடப் பார்க்காதீர்கள். ஆள் நடந்து வந்தால் மிரளும் பறவைகள் நின்ற காரை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. நெடுஞ்சாலையோரம் வேண்டாம், வண்டி ஓடாத கிளைச்சாலையாகப் பார்த்து எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, முன் சீட்டில் உட்காரவையுங்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிட்டு வரவேண்டும். பெரும்பாலான ஏரிகளில் இருக்காது. அதனால் வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்கு மேல் உள்ள இடம் வேண்டாம்.