கடற்கரை வீட்டில் சி.ஐ. பைப்பை இறக்கி பிவிசி ஏற்றும் வேலை

கீழக்கரையில் ஒரு லாத்தா (அக்கா) வீடு. மாடிக் கக்கூசிலிருந்து கீழே சேம்பர் (கழிவுநீர் சேரும் மூடிபோட்ட தொட்டி) வரை, பின்சுவரில் நாலு இஞ்ச் சி.ஐ., அதாவது வார்ப்பிரும்பு பைப். வருஷா வருஷம் கறுப்புப் பெயிண்ட் அடித்து மினுமினுவென்று வைத்திருந்தார். "பைப்பு நல்லாத்தானே இருக்கு தம்பி, செவரு மட்டும் ஏன் நனையுது?" என்றார். பைப்பின் முதுகுப்பக்கம், சுவரை ஒட்டிய இடுக்கில், ஸ்குரூ டிரைவரை விட்டுக் குத்தினேன். பென்சில் கரி மாதிரி உதிர்ந்தது.

நம் பக்கம் வார்ப்பிரும்பு இப்படித்தான் சாகும். உப்பும் ஈரமும் இரும்பைத் தின்றுவிட, அதிலிருந்த கரி மட்டும் பைப்பின் வடிவத்திலேயே நிற்கும். பிரஷ் எட்டாத முதுகில்தான் முதலில் பிடிக்கும். அதனால் முதல் வேலை, மேலிருந்து கீழ்வரை சுத்தியலால் மெல்லத் தட்டுவது. கணீர் என்றால் உயிர் இருக்கிறது. 'டொக்' என்றால் போய்விட்டது.

தட்டும்போதே இன்னொன்றையும் பாருங்கள். பல பழைய வீடுகளில், கக்கூஸ் பைப்பின் வாயுவை மேலே வெளியேற்றும் காற்றுக்குழாய் மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் இருக்கும், சாம்பல் நிறம். அதில் கிரைண்டர் வைக்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். நனைத்து, ஜாயிண்ட்டைத் தளர்த்தி, முழுசாக இறக்கிவிடுங்கள்.

ஆடிக் காற்றில் சாரம் கட்டாதீர்கள். ஐப்பசி மழையில் சேம்பர் தோண்டாதீர்கள். பங்குனி, சித்திரை தோதானது.

இறக்குவதுதான் ஆபத்தான வேலை. நாலு இஞ்ச், ஆறடி சி.ஐ. பைப் 20 கிலோ பக்கம் வரும். மேலிருந்துதான் வெட்டி வர வேண்டும். கீழே வெட்டினால் மேலே இருப்பதெல்லாம் தலையில் வரும். வெட்டப்போகும் துண்டை முதலில் கயிற்றால் கட்டி, மாடியில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு, மூன்று அடித் துண்டுகளாகக் கிரைண்டரில் வெட்டலாம். அதற்கு முன்பே வீட்டில் எல்லாரையும் கக்கூஸ் பக்கம் போகாமல் நிறுத்திவிட்டு, பைப்பில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். செப்டிக் டேங்க் மூடியோ சேம்பர் மூடியோ திறந்திருக்கும்போது பக்கத்தில் கிரைண்டர் பொறி பறக்கக் கூடாது, அந்த வாயு பற்றிக்கொள்ளும். டேங்குக்குள் ஆளை இறக்குவது வேண்டவே வேண்டாம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது, மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றமும்கூட. ஜாயிண்ட்டில் இருக்கும் ஈயத்தைச் சுட்டு உருக்குகிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள். ஜாயிண்ட்டை விட்டுத் தள்ளி வெட்டினால் போதும்.

பிவிசி வாங்கும்போது கடையில் "எஸ்.டபிள்யூ.ஆர்., டைப் பி" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். என்றால் கக்கூஸ், கழிவுநீர், மழைநீர் பைப். 110 எம்எம் டைப் பி பைப்பின் தடிமன் 3.2 எம்எம்முக்குக் குறையாது. டைப் ஏ மெல்லிசு, மழைத்தண்ணிக்கும் காற்றுக்குழாய்க்கும்தான். விலை குறைவு என்று அதைக் கக்கூசுக்குத் தலையில் கட்டுவார்கள். திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் டோர் பெண்ட், அதாவது அடைப்பெடுக்கக் கதவு வைத்த வளைவு, போடுங்கள். கதவு சுவரைப் பார்த்து இருக்கக் கூடாது, கை போகிற பக்கம் இருக்க வேண்டும். படுத்த ஓட்டத்துக்கு 10 அடிக்கு 3 இஞ்ச் வாட்டம்.

இனி, நானே கெடுத்த வேலையைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் பெரியபட்டினத்தில் மேற்குப் பார்த்த சுவரில் பைப் முழுவதையும் சால்வெண்ட் (பிவிசி பசை) போட்டு ஒட்டினேன். அடுத்த சித்திரையில் பெண்ட் விரிந்துவிட்டது. பிவிசி வெயிலுக்கு நீளும். 10 அடி பைப் காலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் ஏறி இறங்கும். நகர இடம் இல்லையென்றால் எங்காவது வாயைப் பிளக்கும். அதனால் வெளிச்சுவரில் ரப்பர் ரிங் ஜாயிண்ட்தான். பைப் முனையை அரத்தால் சரித்து, அதற்கென்று விற்கும் லூப்ரிகண்ட் தடவி, கடைசிவரை தள்ளி, பென்சிலால் கோடு போட்டு, 10 எம்எம் வெளியே இழுத்துவிடுங்கள். எண்ணெய், கிரீஸ் தடவக் கூடாது, ரப்பர் ஊறிப்போகும். சால்வெண்ட்டைக் குளியலறைக்குள் இருக்கும் சின்னத் துண்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிளாம்பு. பிவிசி துருப்பிடிக்காது, சரி. அதைப் பிடித்திருக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கிளாம்பும் ஸ்குரூவும் துருப்பிடிக்குமே? மண்டபம் ஊரில் ஒரு வீட்டில் பைப் புதுசு மாதிரி இருந்தது, கிளாம்பு எல்லாம் அப்பளமாக நொறுங்கி, பைப் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பிவிசி கிளாம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ, ஆறடிக்கு ஒன்று. பழைய வீடுகளில் சுவர் கடல்பாறைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக இருக்கும். அதில் டிரில்லை ஹேமரில் (இடித்துத் துளைக்கும் முறையில்) வைத்தால் துளை குகையாகிவிடும். ஹேமரை அணைத்துவிட்டு வெறும் டிரில்லில் துளை போட்டு, சாந்து ஊற்றி அடைத்து, இறுகிய பிறகு திரும்பத் துளைத்து ஸ்குரூ ஏற்றுங்கள். இரண்டு நாள் வேலைதான், ஆனால் கிளாம்பு பிடுங்கிக்கொண்டு வராது.

பாதியில் பழைய இரும்போடு சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. முடிந்தவரை சேம்பர் வரை தோண்டி முழுசாக மாற்றிவிடுவேன். சேம்பர் சுவருக்குள் நுழையும் இடத்தில் பிவிசியின் மேல் சால்வெண்ட் தடவி, ஈரம் காயுமுன் காய்ந்த மணலைத் தூவுங்கள். இல்லையென்றால் சிமெண்ட் அதைப் பிடிக்காது, வழவழப்பில் கசியும். மேலே காற்றுக்குழாயை மொட்டைமாடிக்கு மேல் ஓராள் உயரம் ஏற்றி, கவுல் (குழாய் வாய்க்கான மூடி) மாட்டி, கொசுவலையை நைலான் கயிற்றால் கட்டுங்கள். கம்பியால் கட்டினால் அதுவும் துரு.

கடைசியில் கீழ்வாயை அடைத்து, மேலிருந்து தண்ணீர் நிரப்பி, கால் மணி நேரம் ஒவ்வொரு ஜாயிண்ட்டாகக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் வெயில் படும் பக்கம் வாட்டர் பேஸ் பெயிண்ட் இரண்டு கோட். வெயிலில் பிவிசி நொறுங்காமல் இருக்க.

ஒன்றை முன்பே சொல்லிவிடுங்கள், நான் சொல்லத் தவறியது. இரும்பு சத்தத்தை விழுங்கும், பிவிசி விழுங்காது. லாத்தாவின் படுக்கையறை அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம். ராத்திரி மாடியில் யார் எத்தனை தடவை எழுந்தார்கள் என்று காலையில் அவருக்குக் கணக்குத் தெரிகிறதாம்.