தாம்பரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை: காரில் கட்டுசாதம் கெடாமல் கொண்டுபோகும் முறை

மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் தாம்பரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சிக்குக் காரில் கிளம்பிவிடுவோம். 600 கிலோமீட்டருக்கு மேல். நின்று நின்று போனால் 12 மணி நேரம். கணவர், நான், மாமியார், இரண்டு பிள்ளைகள். மாமியாருக்குச் சர்க்கரை, வேளை தவறினால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அதனால் "வழியில எங்கயாவது பாத்துக்கலாம்" என்ற பேச்சு எங்களுக்குச் சரிப்படாது. வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறோம்.

ஒழுங்காகக் கட்டக் கற்றுக்கொண்டது பட்ட பிறகுதான். ஒரு வருஷம் அலுப்பில் முந்தின இரவு 10 மணிக்கே சோறு வைத்து, குக்கரைத் திறக்காமல் மேடையிலேயே விட்டுவிட்டுப் படுத்தேன். காலை 4 மணிக்குத் தக்காளித் தொக்கு போட்டு அடுப்பில் நன்றாகச் சுடவைத்துக் கிளறிக் கட்டினேன். வாடை இல்லை, நூல் விடவில்லை, ருசியும் நன்றாகவே இருந்தது. உளுந்தூர்ப்பேட்டை பக்கம் 8 மணிக்குச் சாப்பிட்டோம். பெரம்பலூர் தாண்டுவதற்குள் பிள்ளைகள் இருவருக்கும் வாந்தி. திருச்சியில் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "சோறு எப்ப வடிச்சீங்க?"

பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அதன் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், கொதித்தாலும் சாகாது. வெந்த சோறு மூடிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி, ஒரு நஞ்சை விட்டுவைக்கும். அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தால் போகாது. நான் காலையில் சூடாகக் கிளறியதெல்லாம் வீண் வேலை. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

அன்றைக்குப் பிறகு "எது கெடாது?" என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். எப்போது சமைத்தது, எப்போது வயிற்றுக்குப் போகும், நடுவில் எவ்வளவு சூட்டில் இருக்கும், இந்த மூன்றைத்தான் பார்க்கிறேன். கிருமிக்குக் கொண்டாட்டம் 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. சூடாக வைப்பதென்றால் 60க்கு மேல், குளிரவைப்பதென்றால் 5க்குக் கீழ். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பண்டத்துக்கு 2 மணி நேரம்தான் கணக்கு. வெயில் 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் 1 மணி நேரம். மே மாதத்தில் அந்த 32 காலைச் சாப்பாட்டு வேளையிலேயே வந்துவிடும்.

இந்தக் கணக்கில் கொஞ்சம் சலுகை பெறுபவை புளிப்பும் வறட்சியும். நம் முன்னோர் கட்டுசாதத்துக்குப் புளியைப் பிடித்துக்கொண்டது சும்மா இல்லை, புளிப்பு ஏறிய இடத்தில் கிருமி சுலபமாகப் பெருகாது. ஆனால் அதற்குப் புளி நிஜமாகவே இருக்க வேண்டும். பேருக்கு ஒரு கரண்டி விட்டு மஞ்சளாகப் பிசைந்த சோறெல்லாம் இந்தச் சலுகையில் சேராது.

புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே செய்துவிடுவேன். கெட்டிப் புளிக்கரைசல் சுண்டி, நல்லெண்ணெய் மேலே பிரிந்து நிற்கும் வரை இறக்கக் கூடாது. சோறு மட்டும் கிளம்புகிற அன்று. நாங்கள் 4.30க்குப் புறப்படுவதால் 2.45க்கு அடுப்பைப் பற்றவைக்கிறேன். வெந்ததும் பெரிய தாம்பாளத்தில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நல்லெண்ணெய் தெளித்து மின்விசிறிக்குக் கீழே வைப்பேன். அரை மணியில் ஆறிவிடும். கரண்டிக் காம்பால் கிளறிப் புளிக்காய்ச்சலைக் கலந்து, அதன் பிறகுதான் டப்பாவில் அடைப்பது. ஆவியோடு மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணீர் சோற்றிலேயே சொட்டும். கட்டுசாதம் ஊசிப்போவதில் பாதி இந்த வேர்வையால்தான். அவசரத்தில் எல்லாரும் தவறுவது இந்த அரை மணியில்தான், நானும்தான் தவறியிருக்கிறேன்.

டப்பா எவர்சில்வர். புளி சேர்ந்ததை அலுமினியத் தாளில் சுற்றாதீர்கள், புளிப்பு அதை அரிக்கும். வாழையிலையைத் தணலில் வாட்டி டப்பாவுக்குள் விரித்தால் வாசனையும் உண்டு, பிசுக்கும் ஒட்டாது. இட்லியையும் அப்படித்தான். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவி, ஆறியபின் இலையில் அடுக்குவேன். செய்தித்தாளில் பொட்டலம் கட்டும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அச்சு மை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்த பிறகு நிறுத்திவிட்டோம். மாமியார் மட்டும் இன்னும், "நாங்க எல்லாம் அதுலதான சாப்பிட்டோம்" என்பார்.

தயிர்சாதத்தில்தான் எனக்கும் அவருக்கும் வருஷா வருஷம் வழக்கு. குழையப் பிசைந்த சோற்றில் பால் நிறைய விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துக் கட்டினால் மத்தியானத்துக்குள் பதமாக உறைந்திருக்கும் என்பது அவர் முறை. ரயிலில் அப்படிச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான் நானும். ஆனால் தயிர் உறைவதற்கு முன்னாலேயே வேறேதாவது பெருகினால் யாருக்குத் தெரியும்? காரில் ஐஸ் பெட்டி இருக்கும்போது அந்தப் பரீட்சை எதற்கு? ஆறவைத்த குழைசோறு தனி டப்பா, கெட்டித் தயிர் தனித் தூக்கு, இரண்டும் முந்தியே குளிர்பதனப் பெட்டியில் அரைமணி இருந்துவிட்டு ஐஸ் பெட்டிக்குப் போகும். குளிரில் சோறு விறைத்துக்கொள்ளும், உண்மைதான். சாப்பிடும்போது பிளாஸ்கிலிருந்து ஒரு கை வெந்நீர் விட்டுப் பிசைந்தால் இளகிவிடும். இப்போது அவரும் குறை சொல்வதில்லை, "கொஞ்சம் இஞ்சி கூடப் போட்டிருக்கலாம்" என்பதோடு சரி.

ஐஸ் பெட்டிக்குக் கடை ஐஸ்கட்டி வாங்குவதில்லை. உருகினால் டப்பாக்கள் மிதக்கும், அந்தத் தண்ணீர் எங்கே பிடித்தது என்றும் தெரியாது. இரண்டு நாள் முன்னால் 1 லிட்டர் பாட்டில்கள் நான்கில் குடிதண்ணீர் நிரப்பி உறையவைத்துவிடுவேன். கழுத்துக்கு நான்கு விரல் கீழேயே நிறுத்த வேண்டும், உறையும்போது தண்ணீர் விரிந்து பாட்டிலைப் பிளக்கும். இரண்டு பாட்டில் அடியில், டப்பாக்கள் நடுவில், இரண்டு பாட்டில் மேலே. குளிர் கீழ்நோக்கித்தான் இறங்கும், ஆகவே மேலே ஐஸ் இல்லாவிட்டால் பாதிப் பலன்தான். காலியிடம் இருந்தால் சுத்தமான துணியைத் திணியுங்கள். மதுரை தாண்டும்போது பாட்டில்கள் உருகியிருக்கும், அதுவே குடிதண்ணீர்.

குடிக்கிற தண்ணீருக்கும் மோருக்கும் தனிப் பை. பிள்ளைகள் கால் மணிக்கு ஒருதரம் ஐஸ் பெட்டியைத் திறந்தால் எந்தப் பெட்டியும் தாங்காது. சாப்பாட்டுப் பெட்டி ஒரே ஒருமுறைதான் திறக்கும், மத்தியானத்துக்கு.

அதை எங்கே வைப்பது? டிக்கியில் இல்லை. அங்கே ஏசி எட்டாது, அடித்தட்டில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் வண்டியில் முன்சீட்டுக்குப் பின்னால் காலடியில் வைத்து, மேலே ஒரு தடித்த போர்வை. பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகை பார்க்க வசதியாக இருக்கும், அங்கே வைத்தால் வெயிலில் வேகவைப்பது மாதிரிதான்.

இன்னொன்று, வண்டியை நிறுத்துவது. சமயபுரத்தில் அம்மனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு மணி நேரம் வெயிலில் விட்டால், வெளியே 35 டிகிரி இருக்கும்போதே உள்ளே 50ஐத் தாண்டிவிடும். தரிசனம் உண்டென்றால் சாப்பாட்டை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் நிழல் தேடுங்கள். நான்குவழிச் சாலை போட்டபோது ஓரத்துப் புளியமரங்கள் எத்தனையோ போய்விட்டன, இன்று நிழலென்று கண்ணில் படுவது பெரும்பாலும் பெட்ரோல் பங்க் கூரைதான். நாங்கள் சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஏதாவது ஊருக்குள் போய்க் கோயில் மரத்தடியைப் பிடித்துக்கொள்வோம்.

இட்லி விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி, 7 மணிக்கு. புளியோதரையும் தயிர்சாதமும் விராலிமலைக்கும் துவரங்குறிச்சிக்கும் நடுவில், 12 மணிக்கு மேல் தள்ளவிடாமல். இடையில் மாமியாருக்கு வறுத்த கடலையும் ஒரு கொய்யாவும். மதுரைக்குப் பிறகு தட்டை, முறுக்கு, வாழைப்பழம், அவ்வளவுதான். 12 மணிக்கு மிஞ்சிய சோறு அங்கேயே நாய்க்கோ மாட்டுக்கோ போய்விடும். "ராத்திரிக்கு ஆகும்" என்று திரும்ப மூடுவதில்லை.

சூடான பொருளுக்கு ஒரு சொல். பிளாஸ்கோ ஹாட் பாக்ஸோ, முதலில் கொதிநீர் ஊற்றி 10 நிமிஷம் மூடிவைத்துக் கொட்டிவிட்டு, பிறகு கொதிக்கக் கொதிக்க நிரப்புங்கள், வாய் வரைக்கும். பாதி நிரப்பியது சீக்கிரம் ஆறும். ஹாட் பாக்ஸில் வெதுவெதுப்பாக ஆறு மணி நேரம் கிடக்கும் பொங்கலைவிட ஆறிய இட்லி மேல். காப்பிக்குப் பாலை நாங்கள் எடுத்துப் போவதே இல்லை. வெந்நீர் மட்டும், கூடவே பால்பவுடர்.

வீட்டிலேயே விட்டுவிட வேண்டியவை: தேங்காய்ச் சட்னி, சாம்பார், உருளைக்கிழங்கு மசால், நறுக்கிய பழம், உரித்த முட்டை. சட்னி இல்லாமல் இறங்காது என்பவர்களுக்கு எண்ணெய் மிதக்கும் தக்காளித் தொக்கு இருக்கிறது, சப்பாத்திக்கும் அதுவே. வெள்ளரிக்காயும் மாம்பழமும் முழுசாக வரட்டும். கத்தியும் சின்னப் பலகையும் ஒரு பையில் போட்டால் சாப்பிடும் இடத்தில் நறுக்கிக்கொள்ளலாம்.

கை விஷயம் கடைசியில் வருவதால் சின்னதென்று நினைக்க வேண்டாம். நம் மூக்கிலும் தோலிலும், விரலில் ஒரு வெட்டுக்காயம் இருந்தால் அதிலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி இருக்கும். அது உணவில் விழுந்து பெருகினால் அதன் நஞ்சும் சூட்டுக்கு அசையாது. அதனால் ஆறிய சோற்றைக் கையால் கலப்பதில்லை, கரண்டிதான். வழியில் கை கழுவ 5 லிட்டர் கேன் ஒன்றும் சோப்பும், குடிதண்ணீரோடு சேராமல் தனியாக. பரிமாறுவது ஒருவர் மட்டும், அவர் கடைசியில் சாப்பிடுவார். சாப்பிட்ட கை டப்பாவுக்குள் போகக் கூடாது. இந்த விதியைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் கிருமிப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. மாமியார் "எச்சில்!" என்று ஒரு அதட்டல் போடுவார், நீட்டிய கை தானாக உள்ளே போகும்.

ஊர் சேர்ந்ததும் ஐஸ் பெட்டியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, மூடியைத் திறந்தே வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடிக்கும். திரும்பி வரும்போது எங்கள் பெட்டியில் தயிருக்குப் பாதி இடம்தான், மீதியில் கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டுகளை வைக்கலாம் என்று கணவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஐஸ் பக்கத்தில் அப்பளம் நமத்துப்போகும். அதற்குத்தான் டிக்கி இருக்கிறதே.