ஊரில் குத்தகை நிலம், சென்னையில் பட்டாதாரர்: தேங்கும் திட்டங்களை நகர்த்துவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துப் பூர்வீக நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மாம்பலத்திலோ மேடவாக்கத்திலோ குடியிருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. பயிர்க் காப்பீடும் அரசுக் கொள்முதலும் உழுகிறவருக்குக் கிடைக்காமல் போவதற்கு அலுவலகத் தாமதத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. பட்டாவில் பெயர் உள்ளவர் கைக்கெட்டாத தொலைவில் இருப்பதும் காரணம்தான்.

முதலில், தமிழக அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்து, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் காலமான தாத்தாவின் பெயரே இன்னும் இருந்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். பாகப்பிரிவினை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கூட்டுப் பட்டாவே போதும்.

அடுத்தது அடங்கல். எந்தப் புலத்தில் யார் எதைப் பயிரிட்டிருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் இந்தச் சான்றைத்தான் காப்பீட்டிலும் கொள்முதலிலும் கேட்கிறார்கள். வாய்மொழிக் குத்தகையில் உங்கள் ஒப்புதல் இல்லாமல் அதைப் பெறுவது கடினம். கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடும் என்று தயங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சொந்த உழைப்பைச் செலுத்திப் பயிரிடும் குத்தகைதாரருக்கு தமிழ்நாட்டின் 1955-ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு, ஒப்பந்தம் எழுதப்படாவிட்டாலும் உண்டு. ஆகவே, மறுப்பதால் நீங்கள் காப்பாற்றிக்கொள்வது எதுவுமில்லை. அவர்தான் காப்பீட்டை இழக்கிறார்.

காப்பீட்டுக் கட்டணத்தில் விவசாயியின் பங்கு, காப்பீட்டுத் தொகையில் குறுவைப் பருவ நெல்லுக்கு 2 விழுக்காடு, சம்பாப் பருவ நெல்லுக்கு 1.5 விழுக்காடுதான். சம்பாவுக்கான கெடு பெரும்பாலும் நவம்பர் நடுவில் முடிவதால், ஐப்பசி பிறப்பதற்குள் ஒப்புதலை அனுப்பிவிடுங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் திட்டமோ நில உடைமையாளருக்கு உரியது. குத்தகைதாரருக்கு அது கிடையாது; வருமான வரி கட்டுபவராயின் உங்களுக்கும் கிடையாது.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கான இணையப் பதிவில் குத்தகைதாரரின் கைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையுமே கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் எண்ணைக் கொடுத்தால், குறுஞ்செய்தி வரும் வேளையில் நீங்கள் கிண்டியில் மெட்ரோ ஏறிக்கொண்டிருப்பீர்கள். நெல்லோ களத்தில் கிடக்கும்.

கையெழுத்தால் தீராத தடையும் ஒன்று உண்டு. கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மழைப் பருவங்களில் மத்திய அரசு இதைச் சில முறை தளர்த்தியிருக்கிறது என்றாலும், அந்த ஆணை வருவதற்குள் மூட்டை முளைத்துவிடக்கூடும். அறுவடை நேரத்தில் நெல்லை மழையிலிருந்து மூடிவைக்கப் படுதா வாங்கக் குத்தகைதாரர் முன்பணம் கேட்டால், குத்தகைக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.