பெப்டைடா, எக்சோசோமா: தோல் பொலிவுக்காக ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெப்டைட் பழையது, எக்சோசோம் புதியது, ஆகவே எக்சோசோமே மேலானது என்று அழகு சிகிச்சை விளம்பரங்கள் இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றன. பெரும்பாலான குழப்பங்களுக்கு இந்த வரிசைப்படுத்தலே காரணம். பெப்டைட் என்பது சில அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலி. எந்த அமிலம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது திட்டமாகத் தெரிந்த, ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியாகத் தயாரிக்கக்கூடிய மூலக்கூறு. எக்சோசோமோ செல்கள் வெளியிடுகிற, ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் குறுக்களவு கொண்ட, கொழுப்புச் சவ்வால் மூடிய நுண்பை. அதனுள் புரதங்கள், கொழுப்புகள், மரபணுச் செயலை ஒழுங்குபடுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப் பலவும் கலந்திருக்கும். எந்தச் செல்லிலிருந்து வந்தது, அந்தச் செல் எப்படி வளர்க்கப்பட்டது, நுண்பைகள் எவ்வாறு பிரித்தெடுக்கப்பட்டன என்பவற்றைப் பொறுத்து உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும். எனவே எந்தப் பெப்டைட், எந்தச் செல்லின் நுண்பை என்று கேட்காமல் இரண்டில் எது நல்லது என்று கேட்பதில் பொருளில்லை.

பெப்டைட்களுக்குள்ளேயே வேலை வேறுபடும். லோரன் பிக்கார்ட் 1973இல் மனித ரத்தப் பிளாஸ்மாவில் கண்டறிந்த ஜி.எச்.கே. என்னும் மூன்று அமினோ அமிலச் சங்கிலி, தாமிரத்தைப் பற்றிக்கொண்டு காயம் ஆறுவதோடு தொடர்புடைய சைகைகளைத் தருவதாக ஆராயப்பட்டது. மேட்ரிக்சில் என்ற வணிகப் பெயரில் புகழ்பெற்ற பால்மிடாயில் பெண்டாபெப்டைட், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் உற்பத்தியைத் தூண்டும் நோக்கில் உருவானது. ஆர்ஜிரெலின் என விற்கப்படும் ஹெக்சாபெப்டைட், நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியைத் தணிக்கும் கருத்தில் வடிவமைக்கப்பட்டது. தசையைத் தளர்த்திச் சுருக்கம் குறைக்கும் போடாக்ஸ் ஊசியோடு ஒப்பிட்டு, அதைப் பூசிக்கொள்ளும் போடாக்ஸ் என்று அழைப்பது விற்பனைப் பேச்சு. மேலே பூசும் சீரம் தசை வரை சென்று ஊசிக்கு நிகராக வேலை செய்யும் என்று நம்ப ஆதாரம் போதாது.

சதவீதத்தைப் பார்த்து வாங்குவது அடுத்த தவறு. 2005இல் வெளியான, 93 பெண்களிடம் 12 வாரம் நடந்த ஒரு கட்டுப்பாட்டு ஆய்வில், முகத்தின் ஒரு பாதிக்கு வெறும் களிம்பும் மறு பாதிக்குப் பால்மிடாயில் பெண்டாபெப்டைட் சேர்த்த களிம்பும் பூசப்பட்டன. அதில் பெப்டைடின் அளவு பத்து லட்சத்தில் 3 பங்கு, அதாவது 0.0003 சதவீதம். சுருக்கங்களிலும் மெல்லிய கோடுகளிலும் முன்னேற்றம் பதிவானது. ஆனால் அது மிதமான முன்னேற்றமே. இப்போது கடையில் 10 சதவீதம் என்று அச்சிட்ட ஒரு சீரத்தைக் கையில் எடுத்தால், அந்த எண் பெரும்பாலும் நீரும் கிளிசரினும் போன்றவை மிகுந்த மூலக் கரைசலின் அளவைத்தான் குறிக்கும், தூய பெப்டைடின் அளவை அல்ல. எண் பெரிதாக இருப்பதற்கும் பலன் பெரிதாக இருப்பதற்கும் தொடர்பு இல்லாமலே போகலாம்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி நேர்வது, நுண்ணூசியும் லேசரும் செய்த வேலையை எக்சோசோமின் கணக்கில் எழுதுவது. தோலின் வெளிப்புறக் கொம்படுக்கை வழியாக 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் எளிதில் நுழைவதில்லை என்று 2000இல் முன்வைக்கப்பட்ட விதி இன்றும் வழிகாட்டியாகக் கொள்ளப்படுகிறது. பெப்டைட்களிலேயே பல அந்த எல்லையைத் தாண்டியவை; நீரை நாடும் தன்மையும் அவற்றைத் தடுப்பதால், கொழுப்பு அமிலத்தை ஒட்டி நுழையச் செய்ய முயல்கிறார்கள். அத்தகைய மூலக்கூறுகளைவிடப் பல மடங்கு பெரிதான முழு நுண்பை காயமில்லாத தோலைக் கடந்து ஆழத்துக்குப் போகும் என்று எதிர்பார்க்க இடமில்லை. அதனால்தான் மருத்துவமனைகளில் மைக்ரோநீட்லிங் (நுண்ணூசிகளால் தோலில் துளையிடுதல்) அல்லது தோலில் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சும் ஃப்ராக்‌ஷனல் லேசர் செய்தவுடன் எக்சோசோமைப் பூசுகிறார்கள். அந்தச் சிகிச்சைகள் தாமாகவே கொலாஜனைத் தூண்டுபவை.

இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்கு 2020இல் வெளியான கொரிய ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. முகப்பரு வடு உள்ள 25 பேருக்கு மூன்று முறை கார்பன் டை ஆக்சைடு ஃப்ராக்‌ஷனல் லேசர் செய்து, முகத்தின் ஒரு பக்கத்தில் கொழுப்புத் திசுவிலுள்ள ஸ்டெம் செல்லின் (பல வகைச் செல்களாக மாறக்கூடிய செல்) எக்சோசோம் சேர்த்த ஜெல்லும் மறு பக்கத்தில் எக்சோசோம் இல்லாத ஜெல்லும் தடவினார்கள். எக்சோசோம் பக்கத்தில் வடு மதிப்பெண் 32.5 சதவீதம் குறைந்தது. வெறும் ஜெல் தடவிய பக்கத்திலும் 19.9 சதவீதம் குறைந்தது. எக்சோசோமால் வந்ததாகச் சொல்லத்தக்கது இவற்றுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே, அதுவும் வடுக்களில், 25 பேரில். இந்த ஆய்வைக் காட்டி வயதான தோலின் சுருக்கங்களுக்கு உறுதி தருகிறவர்களிடம் ‘லேசர் மட்டும் செய்துகொண்ட பக்கம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் போதும்.

குப்பியின் மீது எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்வதும் பிழைதான். எக்சோசோம் என்ற பெயரில் விற்கப்படுவதில் ஸ்டெம் செல் வளர்த்த ஊடகத்தை வடிகட்டிய திரவமும் இருக்கும், ரோஜா போன்ற தாவரங்களிலிருந்து எடுத்த நுண்பைகளும் இருக்கும். மனிதச் செல்லில் நடந்த ஆய்வைத் தாவரப் பொருளுக்குப் பொருத்தக் கூடாது. செல்வெளி நுண்பைகளுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள், நுண்பை செல்லுக்குள் உருவான இடம் நிரூபிக்கப்படாதபோது எக்சோசோம் என்ற சொல்லையே தவிர்த்து, செல்வெளி நுண்பை என்ற பொதுப்பெயரைப் பயன்படுத்தச் சொல்கின்றன. ஒரு குப்பியில் இத்தனை கோடித் துகள்கள் என்ற எண்ணும் தனியாக எதையும் நிறுவாது. துகள் எண்ணும் கருவிக்கு நுண்பையும் புரதத் திரளும் கொழுப்புத் துளியும் ஒன்றுபோலத் தெரியக்கூடும். சிடி63, சிடி81 போன்ற, நுண்பையை அடையாளம் காட்டும் புரதங்களின் சோதனை, கிருமி நீக்கச் சான்று, செல் தந்த கொடையாளரின் பரிசோதனை, எந்தக் குளிர்நிலையில் வைக்கப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்பது பயனுள்ளது.

பூசுவதற்கென்று விற்கப்படும் பொருளைத் தோலுக்குள் செலுத்த ஒப்புக்கொள்வது இவற்றுள் மிக ஆபத்தானது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில், நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்சோசோம் பொருட்கள் பெற்றவர்களுக்குக் கடுமையான பாதிப்புகள் ஏற்பட்டதைச் சுட்டி, தான் அனுமதித்த எக்சோசோம் பொருள் எதுவும் இல்லை என்று எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன விதிமுறை, மனிதச் செல், திசு, அவற்றிலிருந்து பெறப்பட்டவை ஆகியவற்றை அழகுசாதனத்தில் சேர்ப்பதையே தடை செய்கிறது. மைக்ரோநீட்லிங்கும் தோலின் தடுப்பைத் திறந்துவிடும் செயல்தான். ஆகவே பூசுவதுதானே என்ற சமாதானம் அங்கே செல்லாது. பெப்டைட் பக்கத்திலும் இதே நிலைதான்: ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதி இணையத்தில் விற்கப்படும் பெப்டைட் பொடியைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்வது, சீரம் பூசுவதைப் போன்ற செயலே அல்ல.

நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஊசியோ லேசரோ ஏற்படுத்தும் அழற்சி, ஆறிய பின் கருமையாகத் தங்கக்கூடும். மங்கு உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். விலை உயர்ந்த எக்சோசோமைத் தேர்ந்துவிட்டு வெயிலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் நடப்பவருக்கு அந்தக் கருமைதான் மிஞ்சும். தோல் முதுமைக்கு நீண்ட காலச் சான்று உள்ள பூச்சு, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின். அது கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டியது, பலருக்கு எரிச்சலும் தரும். அதைத் தாங்க இயலாதவருக்குப் பெப்டைட் களிம்பு குறைந்த ஆபத்துள்ள மாற்று என்பேன்; பலனைப் பார்க்கக் குறைந்தது 12 வாரமாவது, ஒரே வெளிச்சத்தில் ஒரே கோணத்தில் எடுத்த படங்களை வைத்து ஒப்பிட வேண்டும். எக்சோசோமைத் தோல் மருத்துவர் பரிந்துரைத்தால், அதே சிகிச்சையை எக்சோசோம் இல்லாமல் செய்துகொள்ள எவ்வளவு ஆகும், பலனில் எவ்வளவு குறையும் என்று முதலில் கேட்டுவிடலாம்.