பவுடர் கோட்டிங் போட்ட அலாய் வீலுக்கு பாலிஷ் போடப் போறீங்களா, இந்த தப்பையெல்லாம் பண்ணாதீங்க

முதல்ல என் கதைய சொல்லிடறேன். பழைய காரோட நாலு அலாய் வீலையும் கழட்டி மேட் பிளாக்ல, அதான் மினுமினுப்பு இல்லாத கருப்புல, பவுடர் கோட்டிங் போட்டு வாங்கிட்டு வந்தேன், ஆளாளுக்கு நின்னு பாத்துட்டு போனாங்க, ஆறு மாசத்துல ஒரு வீலு பிளாட்பாரத்துல உரசி லேசா ஒரு தேய்ப்பு விழுந்துச்சு. வீட்டுல தான் கார் பெயின்ட் கீறலைத் தேய்க்கற ரப்பிங் காம்பவுண்ட் பேஸ்ட் டப்பா இருக்கேன்னு பழைய பனியன் துணில கொஞ்சம் எடுத்து அஞ்சு நிமிஷம் வச்சு தேச்சேன். கீறல் போகல. கீறலைச் சுத்தி உள்ளங்கை அகலத்துக்கு பளபளன்னு ஒரு வட்டம் தான் மிச்சம், வெயில்ல நிறுத்துனா வீலுக்கு வழுக்கை விழுந்த மாதிரி தெரியும். அதை திரும்ப மேட்டா மாத்தறதுக்கு எந்த டப்பாவும் கடைல கிடைக்காது, கடைசில அந்த ஒரு வீலை மட்டும் மறுபடி கோட்டிங் உரிச்சு புதுசா போட வேண்டியதாப் போச்சு.

இது ஏன் ஆகுதுன்னா, பவுடர் கோட்டிங்கும் கார் பாடில இருக்கற பெயின்ட்டும் ஒண்ணு கிடையாது. பெரும்பாலான கார் பாடில கலர் லேயர் தனி, அதுக்கு மேல கிளியர் கோட்னு கண்ணாடி மாதிரி ஒரு லேயர் தனி, நாம பாலிஷ் போடறப்ப தேயறது அந்த கிளியர் மட்டும் தான், கலர் பக்கம் கைய வைக்கறதே இல்ல. பவுடர் கோட்டிங்ல காஞ்ச பொடிய கரண்ட் சார்ஜ் குடுத்து உலோகத்து மேல ஒட்ட வச்சு, அவன்ங்கற பெரிய சூட்டு அடுப்புல சுமார் 180ல இருந்து 200 டிகிரில பத்து இருபது நிமிஷம் வேக வைப்பாங்க, பொடி உருகி ஓடி ஒரே தோலா இறுகிடும். நிறைய வேலைல அவ்ளோதான், மேல கிளியர் எதுவும் போடறதில்ல. அப்ப நீங்க தேய்க்கற ஒவ்வொரு தேய்ப்பும் நேரா கலரைத் தான் தின்னுது. அதனால எந்த பாலிஷ் நல்லதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, எது மேல தேய்க்கப் போறோம்னு பாக்கணும். நான் பாத்த வரைக்கும் கெட்டுப்போன வீலுல பெரும்பாலும் இந்த ஒரு இடத்துல தான் கோட்டை விட்டிருக்காங்க, என்னையும் சேத்து தான்.

மேட், பாதி மினுக்கு இருக்கற சாட்டின், சொரசொரன்னு இருக்கற டெக்ஸ்சர் ஃபினிஷ் இது மூணுக்கும் பாலிஷே கிடையாது. மேட்டுங்கறது ஒரு கலர் இல்ல, மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேடு பள்ளமா இருக்கறதால வெளிச்சம் சிதறி மங்கலா தெரியுது. பாலிஷ் போட்டா அந்த மேடு மழுங்கிடும், மழுங்குன இடம் மினுங்கும், அவ்ளோதான் விஷயம். காம்பவுண்ட் மட்டும் இல்ல, சாதா கார் வாக்ஸ் கூட மேட்டுல திட்டுத் திட்டா படியும். ஃபுட் ஸ்டெப், ரூஃப் கேரியர் மாதிரி டெக்ஸ்சர் உள்ள ஐட்டத்துல பாலிஷ் போட்டா அந்த சின்னச் சின்ன குழிக்குள்ள வெள்ளையா காஞ்சு உக்காந்துக்கும், அப்புறம் டூத்பிரஷ்ஷும் கையுமா உக்கார வேண்டியது நீங்க தான்.

சரி, பளபளப்பான குளாஸ் ஃபினிஷ் தான்னே வச்சுக்குவோம். கிளியர் இருக்கா இல்லையான்னு பாக்க ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. வீலோட உள்பக்கம், யாருக்கும் தெரியாத இடம், நல்லா கழுவி காய வச்சுட்டு ஒரு வெள்ளை மைக்ரோஃபைபர் துணில நைசான பாலிஷ் ரெண்டு சொட்டு விட்டு தேய்ங்க. துணில வீலோட கலர் வந்தா மேல கிளியர் இல்ல. வரலைனா பெரும்பாலும் இருக்கு. கருப்பு வீலுல மட்டும் ஏமாந்துடாதீங்க, பிரேக் தூசியும் கருப்பு தான், சரியா கழுவாம தேச்சுட்டு ஐயோ கலர் வருதேன்னு பயப்படறவங்களும் உண்டு. ஒரே நிற குளாஸ்ல கிளியர் இல்லைனாலும் நைஸ் பாலிஷ் லேசா போடலாம், துணில கலர் வரத்தான் செய்யும், அளவா நிறுத்திக்கணும். மெட்டாலிக் சில்வர், கன் மெட்டல் மாதிரி கலர்ல கிளியர் இல்லைனா மட்டும் தொடாதீங்க, உள்ள இருக்கற அலுமினியத் துகள் வெளில தலைய நீட்டிடும், காத்தும் ஈரமும் பட்டு கறுத்து ஒரு ஸ்போக் ஒரு கலரு இன்னொரு ஸ்போக் இன்னொரு கலருன்னு ஆயிடும்.

அடுத்தது கழுவாம பாலிஷ் போடறது. வீல் மங்கிப்போச்சுன்னு சொல்றவங்கள்ல நெறைய பேருக்கு மங்கவே இல்ல, பிரேக் தூசியும் தாரும் போர் தண்ணி உப்புக் கறையும் படிஞ்சிருக்கு. பிரேக் தூசில இரும்புத் துகள் இருக்கு, அது மேலயே துணிய வச்சு தேச்சா அதுவே எமரி பேப்பர் மாதிரி கோடு போட்டுடும். ஷாம்பு தண்ணில ஊற வச்சு கழுவுங்க, அப்புறமும் போகலைனா அயர்ன் ரிமூவர்னு ஒரு ஸ்ப்ரே கிடைக்குது, அடிச்சா இரும்புத் தூசியோட சேந்து ஊதா கலரா வழியும், பாக்கவே ஒரு திருப்தி, ஆனா காய விடக்கூடாது, ரெண்டு மூணு நிமிஷத்துல தண்ணி ஊத்தி அலசிடணும். உப்புக் கறைக்கு வினிகரை பாதிக்குப் பாதி தண்ணில கலந்து துடைச்சு உடனே கழுவுனாலே போதும். இவ்ளோ பண்ணிட்டு பாத்தா பாதி வீலுக்கு பாலிஷே தேவைப்படாது.

வண்டி ஓட்டிட்டு வந்த சூட்டோட வீலைக் கழுவாதீங்க, எந்த மருந்தும் அப்படியே காஞ்சு கறை கட்டிடும். வாட்டர் வாஷ்ல பேர் இல்லாத கேன்ல இருந்து ஆசிட் அடிச்சு அலாய் வீலை வெள்ளையாக்கித் தர்றேன்னு சொல்லுவாங்க, வேண்டாம்னு சொல்லிடுங்க. கோட்டிங் எங்கயாவது பொட்டு அளவு உரிஞ்சிருந்தா கூட அந்த வழியா ஆசிட் உள்ள போய் அலுமினியத்தை அரிக்கும், கொஞ்ச நாள் கழிச்சு அங்க கொப்புளம் கிளம்பும்.

இப்ப வீட்டு வைத்தியம். பித்தளைக் குத்துவிளக்குக்கு போடற பாலிஷை அலாய் வீலுக்கும் போடறது, அது வெறும் உலோகத்துக்கு உள்ளது, கோட்டிங் மேல போட்டா நைசா கீறி மங்கலாக்கிடும். டூத்பேஸ்ட்டும் அதே கேஸ் தான். டீசல், தேங்காய் எண்ணெய் தடவி ஃபுட் ஸ்டெப்பை கருகருன்னு காட்டறது அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் தான், மறுநாள் ஊர்ப் புழுதி பூரா அதுல தான் ஒட்டியிருக்கும். தார் போகலைன்னு தின்னர் எடுக்கறவங்க கொஞ்சம் நில்லுங்க, தின்னரும் அசிட்டோனும் பவுடர் கோட்டிங்கை இளக வைக்கும். கோட்டிங் சரியா வெந்திருக்கான்னு பாக்கறதுக்கே இந்த மாதிரி கரைப்பான்ல துணிய நனைச்சு தேச்சுப் பாப்பாங்க, சரியா வேகாத கோட்டிங் பிசுபிசுன்னு கையோட வந்துடும். அந்த டெஸ்ட்டை உங்க வீலோட முன்பக்கத்துலயா பண்ணுவீங்க?

பாலிஷ் மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பவுடர் கோட்டிங் தடிமன் தான, 60ல இருந்து 100 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) கிட்ட இருக்கே, தைரியமா தேய்க்கலாம்னு ஒரு நெனப்பு. எல்லா இடத்துலயும் அந்த தடிமன் இருக்காது. அவன்ல பொடி உருகறப்ப கூரான விளிம்புல இருந்து வழிஞ்சு விலகிடும், அதனால ஸ்போக்கோட ஓரம் மெல்லிசா தான் இருக்கும். ஆழமான உள் மூலைல மின்சார்ஜ் சரியா போய்ச் சேராது, பொடி கம்மியா தான் உக்காரும், அங்கயும் மெல்லிசு. பாலிஷ் போடறப்ப மெஷின் போய் அழுத்தறது எதுன்னு பாத்தா சரியா அதே ஓரம் தான். ஒரே இடத்துல வேகமா சுத்தற ரோட்டரி பஃபர்ல கம்பளி பேட் மாட்டி ஓரத்துல ஒரு வினாடி கூட நின்னா உள்ள இருக்கற உலோகம் பல்லைக் காட்டிடும். சுத்திக்கிட்டே அசைஞ்சாடற டூயல் ஆக்ஷன் பாலிஷர்ல சின்ன ஃபோம் பேட், கம்மி ஸ்பீடு, அப்பப்ப தொட்டுப் பாத்து கை சுடாத அளவுக்கு வச்சுக்கங்க, இல்ல ஸ்போக் நெருக்கமான வீலா, பேசாம கையாலயே போட்டுடுங்க. தடிமன் மீட்டர் வச்சு அளந்துக்கறேன்னா, விலை கம்மியான மீட்டர் பல இரும்பு மேல மட்டும் தான் வேலை செய்யும், அலுமினிய வீலுல வச்சா ஒண்ணும் காட்டாது.

ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசா மேடு பள்ளம் இருக்குன்னு வாட்டர் பேப்பர், அதான் தண்ணி விட்டு தேய்க்கற உப்புத்தாள், எடுக்கறதும் வேண்டாத வேலை. பவுடர் கோட்டிங்ல அது ஓரளவு இருக்கத்தான் செய்யும். 1500, 2000 நம்பர் பேப்பர் போட்டு சமமாக்கி திரும்ப பளபளப்பு கொண்டு வர்றவங்க இருக்காங்க, தட்டையான பரப்புக்கு சரி, வீல் மாதிரி வளைவும் ஓரமுமா இருக்கற ஐட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

பாலிஷ் போட்டாலும் தீராத பிரச்சனையும் இருக்கு. விரல்ல தேச்சா வெள்ளை மாவு மாதிரி வருதுன்னா வெயில்ல கோட்டிங்கே உதிர ஆரம்பிச்சிருக்கு, எப்பாக்சி பவுடரை வெளி வேலைக்கு போட்டா இப்படித் தான் ஆகும், வெயில் தாங்கறது பாலியஸ்டர் பவுடர். பாலிஷ் போட்டா கொஞ்ச நாளைக்கு பளிச்னு இருக்கும், திரும்ப மாவு வரும். கொப்புளம், உள்ள இருந்து கிளம்பற துரு இதுவும் அப்படித் தான். பம்பருக்கு முன்னாடி மாட்டற இரும்பு கிராஷ் கார்டுல இது சீக்கிரமே வரும், அதுக்கு பாலிஷ் தேடறதை விட கழட்டிப் போடறது மேல், 2017 டிசம்பர்லயே அதை மாட்டுன வண்டிங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிடுச்சு.

புதுசா கோட்டிங் போட்டவங்க ஒரு மாசத்துக்கு வாக்ஸ் போடாதன்னு யாரோ சொன்னாங்கன்னு காத்திட்டிருப்பாங்க. அது ஸ்ப்ரே பெயின்ட்டுக்கு சொன்னது, அதுல இருக்கற தின்னர் ஆவியாகணும். இதுல தின்னரே கிடையாது, அவன்ல சரியா வெந்து ஆறிட்டா வேலை முடிஞ்சுது. குளாஸ் வீலுக்கு ஒரு சீலன்ட்டோ வாக்ஸோ மெல்லிசா தடவிட்டா அடுத்த தடவை பிரேக் தூசி தண்ணி பட்டாலே பாதி போயிடும்.

கடைசியா, பாலிஷ் போடறப்ப வீலைக் கழட்டி வச்சு போடறது தான் வசதி. கழட்டாம போடறீங்கன்னா உள்ள இருக்கற பிரேக் டிஸ்க்குல பாலிஷோ வாக்ஸோ டயர் ஸ்ப்ரேயோ ஒரு துளி தெறிக்கக்கூடாது, பட்டா பிரேக் வழுக்கும், ஒரு துணிய வச்சு மூடிக்கங்க. கழட்டி மாட்டுனவங்க நட்டை வண்டியோட மேனுவல்ல போட்டிருக்கற டார்க்குக்கு, அதான் எவ்ளோ இறுக்கணும்ங்கற அளவுக்கு, முறுக்கிட்டு, ஒரு அம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டுனதும் திரும்ப ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்க, புதுசா கோட்டிங் போட்டு வந்த வீலா இருந்தா இதை கண்டிப்பா பண்ணுங்க, ஏன்னா நட்டு உக்கார்ற இடத்துலயும் வண்டில வீல் மாட்டற ஹப்போட ஒட்டற முகத்துலயும் மறைக்காம பொடி அடிச்சு விட்டிருந்தாங்கன்னா அந்த பூச்சு நசுங்க நசுங்க நட்டு தளரும்.