இரட்டைக் கண்ணாடி ஜன்னல்: விற்பனையாளர் வருவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

லண்டனின் வடமேற்கில் 1930களில் கட்டிய வீடு எங்களுடையது. மூன்று படுக்கையறை, ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர், முன்னறையில் வெளியே பிதுங்கி நிற்கும் பே ஜன்னல். ஜன்னல்களை மாற்றுவது என்று முடிவெடுத்து மூன்று இடங்களில் விலை கேட்டேன். ஒரே வீடு, ஒரே ஒன்பது ஜன்னல்கள். ஒருவர் 14,200 பவுண்டு என்றார், இன்னொருவர் 7,400, மூன்றாமவர் 6,850. அந்த 14,200 எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே இரண்டு மணி நேரத்தில் 8,900 ஆக இறங்கியது. இந்தக் குழப்பத்தில் சிக்காமல் கணக்குப் போடுவது எப்படி என்று முதன்முறையாகச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். விதிகளாக நான் சொல்பவை இங்கிலாந்துக்கு உரியவை.

படி 1: மாற்றத்தான் வேண்டுமா?

இருட்டிய பிறகு ஒரு லைட்டரைப் பற்றவைத்துக் கண்ணாடிக்கு அருகில் பிடியுங்கள். திரைச்சீலையை நன்றாக ஒதுக்கிவிட்டுத்தான். ஒற்றைக் கண்ணாடி என்றால் ஒட்டினாற்போல் இரண்டு சுடர்கள் தெரியும். இரட்டைக் கண்ணாடி (நடுவே இடைவெளி விட்டு ஓரத்தை அடைத்த இரண்டு கண்ணாடிகள்) என்றால் நான்கு. அந்த நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தால், வெப்பத்தை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சு அதில் இருக்கிறது. அது அத்தனை பழைய கண்ணாடி இல்லை.

அடுத்து, காலையில் படியும் ஈரத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். அறைப் பக்கம் துடைத்தால் போகிறதா? பெரும்பாலும் அது காற்றோட்டக் குறை. சமையல், குளியல், வீட்டுக்குள் காயும் துணி ஆகியவற்றைக் கவனியுங்கள். வெளிப்புறம் படிகிறதா? கவலை வேண்டாம், வெப்பம் வெளியே கசியவில்லை என்பதன் அடையாளம் அது. எந்தப் பக்கம் துடைத்தும் போகவில்லையா? இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் புகுந்துவிட்டது, ஓரத்து அடைப்பு பழுதாகிவிட்டது என்று பொருள்.

இந்தக் கடைசி நிலையில்தான் பலர் முழு ஜன்னலையும் மாற்றிப் பணத்தை விடுகிறார்கள். சட்டகம் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். எங்கள் வீட்டில் பின்பக்க ஜன்னல்கள் இரண்டுக்கு அப்படித்தான் செய்தோம், ஒவ்வொன்றும் 110 பவுண்டு. 14,200 சொன்னவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

படி 2: வீட்டைச் சுற்றி நடந்து பட்டியல் எடுங்கள்

ஒரு தாள், ஒரு அளவு நாடா போதும். ஜன்னல்களுக்கு எண் கொடுத்து, வெளியே நின்று செங்கல் விளிம்பிலிருந்து செங்கல் விளிம்பு வரை அகலத்தையும் உயரத்தையும் எழுதுங்கள். இது விலை கேட்பதற்கான அளவு மட்டுமே. செய்வதற்கான அளவை அவர்கள்தான் எடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த அளவில் ஜன்னல் செய்து பொருந்தாமல் போனால் பழி உங்கள் தலையில் விழும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், எத்தனை பகுதிகள் திறக்க வேண்டும் என்றும் குறியுங்கள். விலை இதில்தான் ஏறி இறங்குகிறது. திறக்காத கண்ணாடிக்குக் கீல், கைப்பிடி, பூட்டு எதுவும் தேவையில்லை. நான்கு பகுதி உள்ள ஜன்னலில் நான்கும் திறந்துதான் ஆக வேண்டுமா என்று யோசியுங்கள். ஆனால் மாடிப் படுக்கையறையில் கஞ்சத்தனம் வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேறும் வழி அது. இப்போது ஆள் புகுந்து வெளியேறக்கூடிய அளவுக்குத் திறக்கும் ஜன்னலை, அதைவிடக் குறுகலாகத் திறக்கும் ஒன்றால் மாற்றக் கூடாது.

தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்குக் கீழே கண்ணாடி இறங்கினால் அங்கே பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். குளியலறைக்கு மறைப்புக் கண்ணாடி. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாரம்பரியக் கட்டடம் என்று பதிவான வீடு என்றால் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். பழைய தோற்றம் மாறாமல் காக்க வேண்டும் என்று கவுன்சில் அறிவித்த பகுதியில் இருக்கும் வீட்டுக்கும் முதலில் கேட்டுவிடுவது நல்லது. அடுக்கு மாடியில் இருப்பவர்கள், ஜன்னலை மாற்றும் உரிமை தங்களுக்கு இருக்கிறதா என்று தங்கள் குத்தகைப் பத்திரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

படி 3: தோராயக் கணக்கு

நான் வாங்கிய விலைப்புள்ளிகளையும் அக்கம்பக்கத்தில் விசாரித்ததையும் வைத்துச் சொல்கிறேன். வெள்ளை யூபிவிசியில் (ஒரு வகைக் கெட்டியான பிளாஸ்டிக்) கீல் வைத்துத் திறக்கும் சாதாரண ஜன்னல், பொருத்திக் கொடுப்பதோடு சேர்த்து, 500 முதல் 900 பவுண்டு. மேலும் கீழும் நகரும் வகைக்கு அதைவிடக் கணிசமாக அதிகம். மரச்சட்டகம் என்றால் இரு மடங்கை எளிதில் தாண்டும். சாம்பல் நிறம், மரம் போன்ற தோற்றம் எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு. உங்கள் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது தொடக்கப் புள்ளி மட்டும்தான்.

படி 4: ஜன்னலைச் சுற்றி ஒளிந்திருக்கும் செலவு

முதலில் வாட் வரி. மாடக்கூரைக்கு வெப்பத் தடுப்பு போட்டால் இப்போது வாட் 0%. ஜன்னலுக்கு அந்தச் சலுகை இல்லை, முழு 20%. சொல்லும் தொகை வரியோடா, வரி இல்லாமலா என்று கேட்காமல் இரண்டு விலைகளை ஒப்பிடாதீர்கள். (கூரை வழியே வெப்பம் போய்க்கொண்டிருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். ஜன்னலுக்குப் போட்ட பணம் கேஸ் பில்லில் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது.)

அடுத்தது பே ஜன்னல். பல பழைய வீடுகளில் அதன் சட்டகமே மேலே இருக்கும் பாரத்தைத் தாங்குகிறது. அதைக் கழற்றும்போது முட்டுக் கொடுக்க வேண்டும், புதிய ஜன்னலுக்குள் உலோகத் தூண் வைக்க வேண்டும். எங்களிடம் 6,850 கேட்டவரின் தாளில் அந்தத் தூண் இல்லை. கேட்ட பிறகுதான் "அதற்குத் தனியாக 350 ஆகும்" என்றார். நான் கேட்காமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஏறி நின்று வேலை செய்யச் சாரம் கட்ட வேண்டுமா, பழைய ஜன்னல்களை யார் அப்புறப்படுத்துவது, உள்பக்கம் பெயர்ந்த பூச்சை யார் சரிசெய்வது, சட்டகத்தின் மேல் விளிம்பில் காற்றுத் துளை சேர்ந்திருக்கிறதா என்பவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

தரத்துக்கு ஒரே எண் போதும்: யூ மதிப்பு, அதாவது ஜன்னல் வழியே வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதன் அளவு. குறையக் குறைய நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்கு இது ஏறக்குறைய 5. ஜூன் 2022 முதல் இங்கிலாந்தில் மாற்றிப் பொருத்தும் ஜன்னல்களுக்கு 1.4 அல்லது அதற்குக் கீழே, இல்லையேல் ஜன்னலின் ஆற்றல் தர வரிசையில் குறைந்தது 'பி' தரம் வேண்டும். அதைவிட இன்னும் கொஞ்சம் குறைக்கப் பெரிய தொகை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

படி 5: மேசையில் உட்காரும்போது

"இந்த விலை இன்று மட்டும்தான்" என்பார்கள். மேலாளருக்கு ஃபோன் போடுவதாக எழுந்து நடைபாதைக்குப் போவார்கள், முகம் மலரத் திரும்பி வருவார்கள். எங்கள் வீட்டில் இது இரண்டு முறை நடந்தது. இரண்டாவது முறை என் மாமியார் அவருக்கு மூன்றாவது கோப்பைத் தேநீரை வைத்துவிட்டு, "இன்னொரு தடவை ஃபோன் செய்து பாருங்கள் தம்பி" என்றார். அன்று கையெழுத்துப் போடாதீர்கள். அளவெடுத்துச் செய்யும் பொருளுக்கு, வீட்டில் போட்ட ஒப்பந்தத்தை 14 நாளில் ரத்து செய்யும் வழக்கமான உரிமை பொருந்தாமல் போகலாம்.

படி 6: பணம் கொடுப்பது

முன்பணத்தைக் கடன் அட்டையில் கட்டுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு அட்டை நிறுவனமும் பொறுப்பாளி. ஒரு பகுதியை மட்டும் அட்டையில் கட்டியிருந்தாலும் இது செல்லும். உத்தரவாதத்துக்குக் காப்பீடு உண்டா என்றும் பாருங்கள். நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் 10 வருட உத்தரவாதத் தாள் மட்டும் எதற்கும் உதவாது.

வேலை முடிந்த அன்று, கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், ஒவ்வொரு ஜன்னலையும் நீங்களே திறந்து மூடிப் பூட்டிப் பாருங்கள். ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே வெளியே நீட்டியிருக்கும் பலகையில் தண்ணீர் ஊற்றி வெளிப்பக்கம் வழிகிறதா என்றும் பாருங்கள். பொருத்துபவர் ஃபென்சா அல்லது செர்டாஸ் போன்ற திட்டத்தில் (வேலை கட்டட விதிப்படி நடந்தது என்று பொருத்துபவரே உறுதி சொல்ல அனுமதிப்பவை இவை) பதிவானவர் என்றால் அதற்கான சான்றிதழ் பிறகு வரும். பதிவில்லாதவர் என்றால் கவுன்சிலின் கட்டட ஒப்புதலைத் தனியாகக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும், அதுவும் வேலை தொடங்கும் முன். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் இந்தத் தாளைத்தான் கேட்பார். எங்களுடையது வீட்டுப் பத்திரக் கோப்பில், 6,850க்கும் 350க்கும் வாங்கிய ரசீதுகளோடு இருக்கிறது.